தங்கும் முகாமா, பகல் முகாமா, வகுப்பா: விடுமுறையில் பிள்ளைகள் எங்கே வளர்கிறார்கள்?

கோடை விடுமுறை நெருங்கும்போது பெற்றோர் முன் பெரும்பாலும் நான்கு வழிகள் நிற்கின்றன. இரவும் அங்கேயே தங்கும் முகாம்; காலையில் போய் மாலையில் திரும்பும் பகல் முகாம்; நீச்சல், கணிதம், ஓவியம் என ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளும் பயிற்சி வகுப்பு; எதிலும் சேர்க்காமல் வீட்டிலேயே விட்டுவிடுவது. முதல் மூன்றின் விளம்பரங்களும் ஏறத்தாழ ஒரே வாக்குறுதியைத் தருகின்றன: தன்னம்பிக்கை, தலைமைப் பண்பு, கூடி வாழும் பழக்கம். உண்மையில் அவை தருவது வெவ்வேறு சரக்கு. என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பத்து வயதைத் தாண்டிய பிள்ளை தன் காலில் நிற்கக் கற்க வேண்டும் என்பதுதான் நோக்கம் என்றால், நன்றாக நடத்தப்படும் தங்கும் முகாமுக்கு ஈடு மற்ற மூன்றிலும் இல்லை. ‘நன்றாக நடத்தப்படும்’ என்பதை அழுத்திச் சொல்கிறேன். மோசமான முகாமைவிட வீடு எவ்வளவோ மேல்.

முகாம்கள் தொடங்கிய கதையிலேயே ஒரு பொது இழை உண்டு. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் 1861இல் ஃபிரடெரிக் கன் என்ற ஆசிரியர் தம் பள்ளி மாணவர்களை நடத்தியே அழைத்துப்போய்க் கடலோரத்தில் கூடாரம் அடித்துத் தங்கவைத்தார். 1876இல் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரப் பாதிரியார் வால்டர் பியோன், நலிந்த ஏழைக் குழந்தைகளை அப்பென்செல் மலைப்பகுதிக்கு அனுப்பினார். 1907இல் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி பேடன் பவல் இங்கிலாந்தின் பிரௌன்சி தீவில் நடத்திய முகாமிலிருந்து சாரணர் இயக்கம் பிறந்தது. ஒருவருக்கு மனவுறுதி, இன்னொருவருக்கு உடல்நலம், மூன்றாமவருக்குக் குடிமைப் பயிற்சி என்று நோக்கங்கள் வேறு வேறு. ஆனால் மூவருமே பிள்ளைகளை வீட்டுக்கு வெளியே இரவு தூங்கவைத்தார்கள்.

அந்த இரவுதான் தங்கும் முகாமையும் பகல் முகாமையும் பிரிக்கும் கோடு. விளையாட்டு, பாட்டு, கைவினை, காட்டு நடை எல்லாம் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கலாம். பகல் முகாமில் மனம் நொந்த பிள்ளை மாலையில் வீட்டுக்கு வந்து தாயிடம் சொல்லி ஆறிவிடுகிறது. மறுநாள் அது புதுக் கணக்கு. தங்கும் முகாமில் அந்த நோவோடு அங்கேயே படுத்து, அங்கேயே எழுந்து, நேற்றுச் சண்டை போட்டவனுக்கு அருகிலேயே பல் துலக்க வேண்டும். ஆறுவதற்கான வழியைப் பிள்ளையே தேடிக்கொள்கிறது.

நான் குழுப் பொறுப்பாளராக இருந்த ஒரு முகாமில் பதினொரு வயதுச் சிறுமி ஒருத்திக்குத் தலை பின்னிக்கொள்ளத் தெரியாது. வீட்டில் எப்போதும் அம்மாதான் பின்னிவிடுவார். முதல் நாள் காலையில் விரித்த தலையோடு யார் முகத்தையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள். நான் பின்னிவிட எழுந்தேன்; மூத்த பொறுப்பாளர் வேண்டாம் என்று கண்ணால் சொன்னார். மறுநாள் பக்கத்துக் கட்டில் பெண்ணிடம் அவளே போய்ச் சீப்பை நீட்டினாள். முகாம் முடிவதற்குள் கோணலாகத்தான் என்றாலும் தானே பின்னிக்கொண்டாள், இன்னொருத்திக்கும் பின்னிவிட்டாள். ஜடை பின்னுவதை எந்த வயதிலும் கற்கலாம். முன்பின் தெரியாத ஒருத்தியிடம் போய் ‘எனக்கு இது தெரியாது, உதவி செய்’ என்று கேட்பது கடினமான பாடம். அம்மா மாலையில் வந்துவிடுவார் என்றால் அந்தப் பாடத்துக்குத் தேவையே எழாது.

வீட்டு நினைப்பைக் கண்டு பெற்றோர் பயப்படுவது இயல்பு. கிறிஸ்டபர் தர்பர் என்ற உளவியலாளர் 1995இல் வெளியிட்ட ஆய்வில், முகாமில் தங்கிய 8 முதல் 16 வயதுச் சிறுவர்களில் 83 சதவீதத்தினர் ஒரு நாளாவது வீட்டு நினைப்பால் வாடியதாகச் சொன்னார்கள். ஆக, வாடுவதுதான் இயல்பு நிலை. கடும் துயரத்தில் ஆழ்ந்தவர்கள் ஒரு சிறு பங்கினர் மட்டுமே. அவர்களை அடையாளம் கண்டு உடனே கவனிப்பது முகாமின் கடமை. மற்றவர்களுக்கு அது வந்து, இருந்து, தணியும். ‘அழுகை வந்தது, போய்விட்டது, நான் அப்படியே இருக்கிறேன்’ என்று ஒரு பிள்ளை தன் அனுபவத்தில் அறிவது லேசான செய்தி அல்ல. பின்னாளில் விடுதிக்கும் வேலைக்கும் வேற்றூருக்கும் போகும்போது அது கைகொடுக்கும்.

இதனால்தான் இரண்டு, மூன்று நாள் முகாம்கள் எனக்கு ஏற்புடையவை அல்ல. வீட்டு நினைப்பு கனத்து அழுத்தும் கட்டத்திலேயே பெட்டியைக் கட்டச் சொல்லிவிடுகிறார்கள். வாடிய நினைவோடு பிள்ளை திரும்புகிறது, தேறிய நினைவு இல்லாமல். முடிந்தால் ஒரு வாரம், வாய்த்தால் இரண்டு வாரம் வேண்டும். ஜான் ஹேட்டியும் சக ஆய்வாளர்களும் 1997இல் சாகசப் பயிற்சித் திட்டங்கள் பற்றிய 96 ஆய்வுகளை ஒன்றுதிரட்டிப் பார்த்தார்கள். நீண்ட திட்டங்களின் பலன் கூடுதலாக இருந்தது; கிடைத்த பலன் திட்டம் முடிந்த பிறகும் தேயவில்லை, கூடியது. பங்கேற்றவர்களில் பெரியவர்களும் இருந்ததால் அதை அப்படியே கோடை முகாமுக்குப் பொருத்திவிட முடியாது. ஆனாலும் கால அளவு முக்கியம் என்பதற்கு அது வலுவான சான்று.

திறமை ஒன்றே நோக்கம் என்றால் தயங்காமல் வகுப்பில் சேர்த்துவிடுங்கள். நீந்தத் தெரியாத பிள்ளைக்குத் தினமும் ஒரு மணி நேரம் முறையாகச் சொல்லித்தரும் பயிற்சியாளர்தான் தேவை. முகாமில் ஏரிக்கரையில் போடும் ஆட்டம் அதற்கு மாற்றாகாது. கணிதத்தில் பின்தங்கிய பிள்ளைக்கும் இதுவே பொருந்தும். விடுமுறையில் பிள்ளைகள் படித்ததை மறக்கிறார்கள் என்ற கவலைக்கு ஹாரிஸ் கூப்பர் குழுவின் 1996ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு அடிப்படையாக இருக்கிறது. சராசரியாக ஒரு மாதப் படிப்பின் அளவுக்கு இழப்பு, அதுவும் வாசிப்பைவிடக் கணிதத்தில் அதிகம் என்றது அந்த ஆய்வு. அந்த அளவைப் பிந்தைய ஆய்வாளர்கள் கேள்விக்கு உட்படுத்தியிருக்கிறார்கள். எப்படியானாலும் வகுப்பில் எதை, எப்போது, எவ்வளவு செய்வது என்பதைப் பெரியவர்தான் முடிவுசெய்கிறார். கை தேறும், தன் நாளைத் தானே நடத்தும் பழக்கம் அங்கே வராது.

வீட்டு விடுமுறையை நான் ஏளனம் செய்ய மாட்டேன். ஒத்த வயதுப் பிள்ளைகளும் பாதுகாப்பான வெளியும் கிடைத்து, கேட்பாரற்ற நீண்ட பகல்களும் வாய்த்தால், அலுப்பிலிருந்தே அவர்கள் ஆட்டங்களையும் விதிகளையும் கண்டுபிடிப்பார்கள். அதற்குக் காசும் தேவையில்லை. ஆனால் அலுப்பு தட்டும் முன்பே கைபேசி கைக்கு வந்துவிடுகிறது. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாக ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வில், திரைகளே இல்லாத முகாமில் ஐந்து நாள் தங்கிய 51 ஆறாம் வகுப்பு மாணவர்கள், பிறர் முகத்தையும் பாவனையையும் பார்த்து உணர்ச்சியை ஊகிப்பதில், வழக்கம்போல் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த 54 பேரைவிட அதிகம் முன்னேறியிருந்தார்கள். சிறிய ஆய்வுதான். முகாம் முடிந்து திரும்பும் பிள்ளைகள் ஆளை நிமிர்ந்து பார்த்துப் பேசுவதைக் கண்டவர்களுக்கு அதன் முடிவு வியப்பளிக்காது.

தங்கும் முகாமிலும் கெட்டுப்போக வழிகள் உண்டு. அவற்றில் முதலாவது போட்டி வெறி. சமூக உளவியலாளர் முசாஃபர் ஷெரீஃப் 1954இல் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்து ராபர்ஸ் கேவ் பூங்காவில், ஆய்வுக்காக, ஒருவரையொருவர் அறியாத 22 சிறுவர்களை இரண்டு குழுவாகப் பிரித்து முகாம் நடத்தினார். பரிசுக்காக மோதவிட்டதும் கொடி எரிப்பும் தங்குமிடத்தில் புகுந்து சூறையாடுவதும் தொடங்கின. சேர்ந்து உண்ணவைத்தாலும் படம் பார்க்கவைத்தாலும் பகை தணியவில்லை. நின்றுபோன வண்டியை, முன்பு கயிறிழுக்கும் போட்டிக்குப் பயன்பட்ட அதே கயிற்றால் எல்லோரும் சேர்ந்து இழுத்ததுபோன்ற பொது வேலைகள் வந்த பிறகே இணக்கம் பிறந்தது. ஆய்வாளர்கள் திட்டமிட்டே அந்தச் சூழலை உண்டாக்கினார்கள் என்பது உண்மை. அதனாலேயே அது முகாம் நடத்துபவர்களுக்கு எச்சரிக்கை: ஒவ்வொரு மாலையும் எந்த அணிக்கு எத்தனை புள்ளி என்று அறிவிக்கும் முகாம், தெரிந்தோ தெரியாமலோ அதே வேலையைச் செய்கிறது. கூட்டாகச் சமைப்பதும் விறகு சேர்ப்பதும் எத்தனை நேரம் என்று நிகழ்ச்சி நிரலில் பாருங்கள்.

பாதுகாப்பில் விட்டுக்கொடுக்கவே கூடாது. அமெரிக்க முகாம் சங்கத்தின் தரவிதிப்படி, தங்கும் முகாமில் 6 முதல் 8 வயதுவரை ஆறு பிள்ளைகளுக்கு ஒரு பொறுப்பாளர், 9 முதல் 14 வரை எட்டுப் பேருக்கு ஒருவர் வேண்டும். நீங்கள் எங்கே இருந்தாலும் இது நல்ல அளவுகோல். பெரியவர் எவரும் ஒரு பிள்ளையோடு மறைவில் தனித்திருக்கக் கூடாது என்ற விதி உண்டா, இரவில் பிள்ளை படுக்கையை நனைத்துவிட்டால் என்ன செய்வார்கள், சென்ற ஆண்டுப் பொறுப்பாளர்களில் எத்தனை பேர் திரும்பி வந்திருக்கிறார்கள் என்று நேரில் கேளுங்கள். பதில் சொல்லத் திணறினாலோ எரிச்சல்பட்டாலோ அங்கே அனுப்பாதீர்கள்.

வயதைப் பொறுத்தும் தீர்ப்பு மாறும். எட்டு வயதுக்குக் கீழே பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பகல் முகாமே பொருத்தம். அந்த வயதில் மாலையில் வீடு திரும்புவதே அவர்களுக்குத் தெம்பு. பதினைந்து, பதினாறில் முகாமுக்குப் போனால் சலிப்படையும் பிள்ளையை உதவிப் பொறுப்பாளர் பயிற்சிக்கு அனுப்பலாம். அழுகிற எட்டு வயதுப் பையனைத் தேற்றும் பொறுப்பு ஒரு பதினாறு வயதுக்காரரை எவ்வளவு நிதானப்படுத்துகிறது என்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். வேறெந்த விடுமுறைத் திட்டத்திலும் அந்த வாய்ப்பு இல்லை.

தங்கும் முகாமைத் தேர்ந்தெடுத்தால் பிள்ளையையும் முடிவில் சேர்த்துக்கொள்ளுங்கள். ‘பிடிக்காவிட்டால் உடனே வந்து அழைத்துக்கொள்கிறேன்’ என்ற வாக்குறுதி மட்டும் வேண்டாம். அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2007இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் அதைத் தவிர்க்கச் சொல்கிறது. உன்னால் முடியாது என்று நாங்கள் நினைக்கிறோம் என்றுதான் அது பிள்ளையின் காதில் விழும். அதற்குப் பதில் முகாமுக்குச் சில வாரங்கள் முன்பே உறவினர் வீட்டிலோ நண்பர் வீட்டிலோ ஓரிரு இரவு, தொலைபேசி அழைப்பு இல்லாமல் தங்கவையுங்கள். அந்த ஒத்திகையே தாங்க முடியாமல் போனால் இந்த ஆண்டு பகல் முகாமில் சேர்த்துவிட்டு, அடுத்த ஆண்டு மீண்டும் கேளுங்கள்.