ஸ்பைடர்மேன் குளோன் சாகா: பல வருட வாசிப்புக்குப் பிறகு

ஸ்பைடர்மேனான பீட்டர் பார்க்கரின் நகல், அதாவது குளோன், பென் ரைலி என்ற பெயரில் திரும்பி வருவதைச் சொல்லும் 1990-களின் மார்வெல் காமிக்ஸ் கதைதான் குளோன் சாகா. அதன் முழுத் தொகுப்பு, அதாவது முதல் பாதியின் ஐந்து தொகுதிகளும் பென் ரைலி பகுதியின் ஆறு தொகுதிகளும், பல வருடங்களாக என் அலமாரியில் இருக்கிறது. போன மாதம் அதில் ஒன்றின் முதுகு விட்டுப்போனது. புத்தகத்தைக் குறை சொல்ல மாட்டேன். நானும், கடன் வாங்கிப் போன நண்பர்களும் ஒரே இடத்தில் அத்தனை முறை விரித்து வைத்தால் எந்தப் பசையும் தாங்காது. அமேசிங் ஸ்பைடர்மேன் 400-வது இதழ் ஆரம்பிக்கும் இடம் அது. பைண்டிங் கடைக்காரர் நூல் தையல் போட்டு, முதுகில் காலிகோ ஒட்டிக் கொடுத்தார். உறுதியாகத்தான் இருக்கிறது. ஆனால் தையல் உள் ஓரத்தைத் தின்றுவிட்டதால், இரண்டு பக்கமாக விரியும் படங்களில் நடுவில் நிற்கிறவர் மடிப்புக்குள் போய்விடுகிறார்.

தைத்து வந்ததும் மறுபடி முதலிலிருந்து படித்தேன். இதற்கு நடுவில் ஒரு நண்பர், இணையத்தில் விலை இறங்கியிருக்கிறது, மொத்தமாக வாங்கிவிடலாமா என்று கேட்டார். 2023-ல் வந்த அனிமேஷன் படத்தில் பென் ரைலியைப் பார்த்ததிலிருந்து அவருக்கு இந்த ஆசை. அந்தப் படம் பென்னை எப்போதும் சோகத்தில் உறுமிக்கொண்டிருக்கும் கேலிப் பாத்திரமாக வைத்திருந்தது. புத்தகத்தில் இருக்கும் பென் அப்படிப்பட்டவன் இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இந்தக் கதையைப் பற்றி ஸ்பைடர்மேன் ரசிகர்கள் முப்பது வருடங்களாகச் சண்டை போடுகிறார்கள். ஒரு கட்சி, பீட்டர் பார்க்கரே குளோன் என்று சொன்னதுதான் பாவம் என்கிறது. இருபது வருடமாக நாங்கள் படித்தவன் போலியா என்பது அவர்கள் கேள்வி. இன்னொரு கட்சி, யோசனை நல்லதுதான், இழுத்ததுதான் கெடுத்தது என்கிறது. இரண்டாவது கட்சிக்கு ஆதாரம் உண்டு. சில மாதங்களில் முடித்துவிடத் திட்டமிட்ட கதை, நன்றாக விற்றதால் 1994-லிருந்து 1996 முடியும் வரை நீண்டது. மாதம்தோறும் வந்த நான்கு தனித்தனி ஸ்பைடர்மேன் இதழ்களில் மாறி மாறி ஓடியது. நான்கையும் வாங்காதவனுக்குக் கதை புரியாது. அதே காலத்தில் மார்வெல் தலைமை எடிட்டர் பதவியை ஐந்தாக உடைத்தது, பிறகு மறுபடி ஒன்றாக்கியது. கதைக்கு நடுவில் முடிவெடுப்பவர்களே மாறிக்கொண்டிருந்தார்கள். 1996 டிசம்பரில் நிறுவனம் திவால் மனு போட்டது.

இதெல்லாம் சரி. ஆனால் எத்தனை முறை படித்தாலும் என்னைக் குத்துவது நீளம் இல்லை. நீளத்தைத் தாண்டிவிடலாம். ஜூடாஸ் டிராவலர் என்று ஒருவர் வந்து புதிராகப் பேசிவிட்டுப் போவார். அவர் யார், என்ன வேண்டும் என்பது எழுதியவர்களுக்கே தெளிவாக இருந்ததாகத் தோன்றவில்லை. அந்தப் பக்கங்களைப் புரட்டிவிடுகிறேன். ஸ்பைடர்மேன் குளோன்கள் படையாகக் கிளம்பும் மேக்சிமம் குளோனேஜ் பகுதியையும் அப்படித்தான். புரட்ட முடியாத ஒன்று இருக்கிறது, அதற்கு வருகிறேன்.

முதலில் நல்லது. பென் ரைலி என்ற மனிதன்தான் இந்தத் தொகுதிகளின் பெரிய வரவு. 1975-ல் ஜெர்ரி கான்வேயும் ராஸ் ஆண்ட்ரூவும் செய்த கதையில் குளோன் செத்துப்போகிறான். அதே வருடம் வேறு எழுத்தாளர்கள் எழுதிய அடுத்த இதழ்களில் பீட்டர் உடலைப் புகைபோக்கியில் போடுகிறான், யார் அசல் என்று சொல்லும் பரிசோதனை முடிவைப் படிக்காமலேயே எறிந்துவிடுகிறான். அந்தப் படிக்காத காகிதத்திலிருந்துதான் 1994-ன் கதை முளைத்தது. செத்தவன் சாகவில்லை. பீட்டரை வளர்த்த அங்கிள் பென்னின் பெயரையும் மே ஆன்ட்டியின் பிறந்த வீட்டுப் பெயரையும் சேர்த்துத் தனக்கு வைத்துக்கொண்டு ஐந்து வருடம் ஊர் ஊராகத் திரிந்திருக்கிறான். மே ஆன்ட்டி சாகக் கிடக்கிறாள் என்று கேள்விப்பட்டு நியூயார்க் திரும்புகிறான். அவளிடம் வளர்ந்த நினைவு முழுசாக இருக்கிறது, ஆனால் அவளை அம்மா ஸ்தானத்தில் வைத்து அழும் உரிமை இல்லை. சூப்பர்ஹீரோ காமிக்ஸில் இதைவிட நல்ல தொடக்கம் எனக்கு அதிகம் தெரியாது.

அந்தத் திரிந்த வருடங்களைச் சொல்லும் 'லாஸ்ட் இயர்ஸ்' மூன்றே இதழ்கள்தான். ஜே. எம். டிமாட்டீஸ் எழுத்து, ஜான் ரொமிட்டா ஜூனியர் ஓவியம், கிளாஸ் ஜான்சன் மை. சால்ட் லேக் சிட்டியில் பென்னுக்கு ஜனீன் என்ற பெண் மேல் காதல் வருகிறது. அவனைத் துரத்தி வரும் கெய்ன், முதலில் உருவாக்கப்பட்டு உடல் சிதைந்துபோன குளோன், இருட்டில் நின்று அந்தச் சந்தோஷத்தைப் பார்க்கிறான். அந்தச் சதுரமான, கனத்த தோள்களை ரொமிட்டா ஜூனியர் வரைகிற விதத்தில், கெய்ன் பேசாமல் நிற்கும் கட்டங்களே போதும். எதிரியின் பொறாமை இவ்வளவு புரிகிற மாதிரி எழுதப்பட்ட ஸ்பைடர்மேன் கதை அபூர்வம். முகமூடி, சண்டை எல்லாம் இருக்கிறது. படித்து முடித்ததும் மனதில் நிற்பது, ஒரே முகத்தோடு பிறந்த இருவரில் ஒருவனுக்கு மட்டும் வாழ்க்கை கிடைத்துவிட்டதே என்ற ஆற்றாமைதான்.

அப்புறம் 400-வது இதழ். ஏப்ரல் 1995 தேதியிட்டது. டிமாட்டீஸ் எழுத்து, மார்க் பேக்லி ஓவியம், அட்டையில் கல்லறைக் கல். கோமாவிலிருந்து எழுந்த மே ஆன்ட்டி சில நாள் நன்றாக இருக்கிறாள். எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் உச்சியில் வைத்துப் பீட்டரிடம், நீ யார் என்று எனக்கு ரொம்ப நாளாகத் தெரியும் என்கிறாள். வருடக்கணக்காக அவளிடம் மறைத்து, அவளுக்குத் தெரிந்தால் நெஞ்சு தாங்காது என்று பயந்து வாழ்ந்தவனிடம் அவள் கோபிக்கவில்லை, பெருமைப்படுகிறாள். பிறகு படுக்கையில் இறக்கிறாள். குழந்தையாக இருந்தபோது அவள் படித்துக் காட்டிய கதையின் வரியைப் பீட்டர் அவளுக்குத் திருப்பிச் சொல்லி வழியனுப்புகிறான். பென் வெளியே நின்று தனியாக அழுகிறான். அவன் உள்ளே வர முடியாது. 1962-ல் தொடங்கிய ஒரு தொடர்கதை, தன் மையத்தில் இருந்த பொய்யை அன்போடு மூடிய இதழ் இது. பீட்டர் வளர்ந்துவிட்டான் என்று கதையே ஒப்புக்கொண்ட தருணம்.

இதைத்தான் 1998-ல் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். இறந்தது மே ஆன்ட்டி இல்லையாம். பீட்டரின் பரம எதிரி கிரீன் காப்ளின், அதாவது நார்மன் ஆஸ்பர்ன், ஏற்பாடு செய்த ஒரு நடிகையாம். உண்மையான மே ஆன்ட்டி சிறைவைக்கப்பட்டிருந்தாளாம். அப்படியென்றால் கட்டட உச்சியில் பெருமைப்பட்டவள் யார்? பீட்டர் யாருக்கு அந்த வரியைச் சொன்னான்? பென் யாருக்காக அழுதான்? ஒவ்வொரு முறை அந்தப் பக்கத்துக்கு வரும்போதும் இந்தக் கேள்விகள் கூடவே வருகின்றன. பின்னால் வந்த ஒரு விளக்கம் முன்னால் படித்த கண்ணீரை எப்படிக் கெடுக்க முடியும், இதழைத் தனியாகப் படிக்க வேண்டியதுதானே என்று சில ரசிகர்கள் வாதிடுகிறார்கள். முயன்றேன், முடியவில்லை. இது தொடர்கதை. நேற்று நடந்தது இன்று உண்மை என்ற நம்பிக்கையில்தான் மாதாமாதம் காசு கொடுத்து வாங்குகிறோம்.

குளோன் சாகா முழுக்க இந்த நோய்தான். பீட்டர்தான் குளோன் என்றார்கள். அதுவும் இல்லை என்றார்கள். பென்னை ஸ்பைடர்மேன் ஆக்கி, டான் ஜர்கென்ஸைக் கொண்டுவந்து புது இதழே தொடங்கி, காபிக் கடையில் வேலை கொடுத்து, புது உடையும் தைத்துக் கொடுத்தார்கள். ஒரு வருடம் ஆவதற்குள் ஆஸ்பர்னின் கிளைடர், அவன் ஏறிப் பறக்கும் கருவி, பென் மேல் பாய, தூளாகி உதிர்ந்து, குளோன் அவன்தான் என்று நிரூபித்துச் செத்தான். 1973-ல் செத்த ஆஸ்பர்ன்தான் எல்லாவற்றுக்கும் சூத்திரதாரி என்று அதே நேரத்தில் சொன்னார்கள். பீட்டரின் மனைவி மேரி ஜேனின் குழந்தையைப் பிரசவத்தில் எடுத்துக்கொண்டார்கள். அந்தக் குழந்தைக்கு என்ன ஆனது என்பதை அந்தரத்தில் விட்டார்கள். மாற்று உலகக் கதையாக 1998-ல் டாம் டிஃபால்கோ ஸ்பைடர்-கேர்ள் எழுதியதால்தான் அந்தக் குழந்தைக்கு ஒரு வாழ்க்கை கிடைத்தது. பென்னையும் நிம்மதியாக விடவில்லை. 2016-ல் எழுப்பி, குளோன்களை உருவாக்கிய வில்லனின் பெயரான ஜாக்கலை அவனுக்கே வைத்தார்கள், பின்னால் வில்லனாகவே வேறு பெயரும் சூட்டினார்கள். தனக்கென்று எதுவும் கேட்காமல் விட்டுக்கொடுத்த ஒருவனுக்கு இந்தக் கதி.

இத்தனையும் அழித்தவர்கள், அழித்திருக்க வேண்டிய ஒன்றை மட்டும் விட்டுவிட்டார்கள். இதுதான் என்னால் புரட்ட முடியாத பக்கம். ஸ்பெக்டாகுலர் ஸ்பைடர்மேன் 226-வது இதழில், நீதான் குளோன் என்று கேட்ட வெறியில் பீட்டர் கையை வீசுகிறான், கர்ப்பிணியான மேரி ஜேன் மேல் அடி விழுகிறது. அவன் வெறியில் இருந்தான், வேண்டுமென்று அடிக்கவில்லை என்று வக்காலத்து வாங்கும் ரசிகர்கள் உண்டு. சரி, வைத்துக்கொள்வோம். ஆனால் அடித்த பிறகு கதை என்ன செய்தது? அவனை ஓடவிட்டு, அடுத்த சண்டைக்குப் போய்விட்டது. அந்த அடியின் கணக்கை அது ஒழுங்காகத் தீர்க்கவே இல்லை. அங்கிள் பென் சாக நான் காரணம் என்று முப்பது வருடம் குற்ற உணர்ச்சியில் வாழ்ந்த ஒருவனின் கதையில், இந்த ஒன்றுக்கு அந்தக் கனம் கொடுக்கப்படவில்லை. மே ஆன்ட்டியின் மரணத்துக்கு நடிகையைத் தேடிக் கண்டுபிடித்த கற்பனை, இங்கே எங்கே போனது?

இதன் தொடர்ச்சி இன்னும் கசப்பு. அப்படி மீட்டுக் கொண்டுவந்த அதே மே ஆன்ட்டி 2007-ல் சுடப்பட்டுக் கிடக்கிறாள். அவள் உயிருக்கு விலையாக மெஃபிஸ்டோ என்ற சாத்தானிடம் பீட்டரும் மேரி ஜேனும் 1987-ல் நடந்த தங்கள் கல்யாணத்தையே கொடுத்துவிடுகிறார்கள். 400-வது இதழை அப்படியே நிற்க விட்டிருந்தால் இந்தப் பேரத்துக்கே இடமில்லை. 'ஒன் மோர் டே' என்ற இந்த 2007 கதையைத் திட்டுகிற ரசிகர்கள் அதன் வேரை 1998-ல் தேட வேண்டும் என்பது என் கருத்து.

நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் இதை எழுதியவர்களில் டிஃபால்கோவும் ஹோவர்ட் மேக்கியும் 2009-ல் ஆறு இதழ்களில் இதே கதையைத் தாங்கள் முதலில் நினைத்த வடிவத்துக்கு நெருக்கமாகச் சொல்லிப் பார்த்தார்கள். அதில் குழந்தை பிழைக்கிறது, எல்லாம் சுருக்கமாக, சுத்தமாக முடிகிறது. இழுத்ததுதான் குற்றம் என்ற கட்சி சொல்வது உண்மையென்றால் எனக்கு அது பிடித்திருக்க வேண்டும். பிடிக்கவில்லை. கெய்ன் இருட்டில் நிற்பதற்கும் பென் வெளியே அழுவதற்கும் அதில் இடமே இல்லை. அந்த நல்லவை எல்லாம் நீளத்தின் சந்துபொந்துகளில்தான் முளைத்தன. இதை ஒப்புக்கொள்ள எனக்கே எரிச்சலாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

ஓவியத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நான்கு இதழ்களுக்கு நான்கு கை என்பதால் இருபத்திச் சொச்சம் பக்கத்துக்கு ஒருமுறை மேரி ஜேனின் முகம் மாறும். பேக்லியும் ரொமிட்டா ஜூனியரும் வரும்போது நிம்மதி. ஸ்பைடர்மேன் ஆவதற்கு முன் பென் ஸ்கார்லெட் ஸ்பைடர் என்ற பெயரில் போட்டுக்கொண்ட, டாம் லைல் வடிவமைத்த உடையை, சிவப்பு உடைக்கு மேல் கை வெட்டிய நீல ஹூடி, எனக்கு இன்றைக்கும் பிடிக்கும். கடையில் வாங்கியதை வெட்டிப் போட்டுக்கொண்டவன் மாதிரி இருப்பான், அது பென்னின் நிலைமைக்குப் பொருந்தும்.

வாங்கலாமா என்று கேட்டவருக்கு நான் சொன்ன பதில், வாங்காதே. விலை இன்னும் பாதியானாலும் இதுதான் பதில். இவ்வளவு புகழ்ந்துவிட்டு ஏன் என்று அவர் சண்டைக்கு வந்தார். இந்த முறை 226-வது இதழைத் தாண்டி வந்தபோது ஏற்பட்ட கோபம் இன்னும் அடங்கவில்லை. காசு கொடுத்து ஒரு நண்பனை அந்தப் பக்கத்துக்கு அனுப்ப எனக்கு மனமில்லை. வேண்டுமானால் லாஸ்ட் இயர்ஸ் மூன்று இதழ்களையும் 400-வது இதழையும் மட்டும் தேடிப் பிடித்துப் படிக்கட்டும், 1998-ல் என்ன ஆனது என்று யாரும் அவருக்குச் சொல்ல வேண்டாம். என் செட்டை விற்கும் எண்ணம் இல்லை. இன்னொரு தொகுதியின் முதுகும் தளர ஆரம்பித்திருக்கிறது, அதையும் தைக்கக் கொடுக்க வேண்டும்.