அடுத்த ஸ்விஃப்ட் ஸ்போர்ட் வரட்டும், ஆனா ஆயிரம் கிலோவைத் தாண்டாம வரட்டும்

சின்ன கார், கைக்கு எட்டுற காசு, ஆனா மிதிச்சா தானா சிரிப்பு வரணும். இவ்ளோதான் எனக்கு வேணும். இதைக் கேட்டுட்டு பல வருஷமா உக்காந்திருக்கேன், ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒரு கம்பெனி "ஸ்போர்ட்டி வேரியன்ட்"னு டீசர் விடும், நாலு செகண்ட் வீடியோ, இருட்டுல ஒரு ஹெட்லைட், பின்னாடி யாரோ தொண்டையைக் கிழிச்சுக்கற மாதிரி எக்ஸாஸ்ட் சத்தம், நாமளும் ராத்திரி தூங்காம காத்திருப்போம், கடைசில பாத்தா அதே பழைய எஞ்சின், பம்பர்ல ஒரு சிவப்பு கோடு, சீட்ல சிவப்பு தையல், கதவுல ஒரு ஸ்டிக்கர். ஸ்டிக்கர் ஒட்டினா ரெண்டு பிஎஸ், அதாவது குதிரைத்திறன், ஏறும்னு இவங்களுக்கு யாரு சொன்னாங்களோ.

அதனால இப்போ நான் ஒரே ஒரு வண்டிக்குத்தான் காத்திருக்கேன், சுஸுகியோட அடுத்த தலைமுறை ஸ்விஃப்ட் ஸ்போர்ட். புது ஸ்விஃப்ட் 2023 கடைசிலயே ஜப்பான்ல வந்துடுச்சு, மூணு சிலிண்டர் 1.2 லிட்டர் எஞ்சினோட, ஆபீஸ் போய்ட்டு வர ரொம்ப சமத்தான வண்டி. அதுமேல ஒரு நிஜமான ஸ்போர்ட் வரணும். வராத வண்டிக்கு என்னடா ரிவ்யூன்னு கேப்பீங்க. நியாயம்தான். ஆனா இப்போ விடைபெற்றுப் போற வண்டியை ஒழுங்கா புரிஞ்சுக்கிட்டா வரப்போறதுகிட்ட என்ன கேக்கணும்னு தெரிஞ்சுடும், அதுக்காகத்தான் இது.

போற வண்டின்னா 2017ல வந்த ஸ்விஃப்ட் ஸ்போர்ட், கார் பைத்தியங்க அதை பேர் சொல்லிக் கூப்பிட மாட்டாங்க, இசட்சி33எஸ்னு சேஸிஸ் கோடு சொல்லித்தான் கூப்பிடுவாங்க. ஜப்பான்ல ஃபைனல் எடிஷன்னு ஒண்ணு விட்டு 2025 நவம்பரோட உற்பத்தியை முடிக்கறோம்னு சொல்லிட்டாங்க. என் ஃப்ரெண்டு ஒருத்தன் இதை வச்சிருக்கான், மேனுவல் கியர். ரெண்டு நாளைக்குக் கொடுடான்னு கெஞ்சி வாங்கி ஓட்டினேன், மூணாவது நாள் போன் பண்ணி திட்டின பிறகுதான் கொண்டுபோய் விட்டேன்.

பேப்பர்ல பாத்தா பெரிசா ஒண்ணுமில்ல. 1.4 லிட்டர் பூஸ்டர்ஜெட் டர்போ, 140 பிஎஸ், 230 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது சக்கரத்தைத் திருப்பற விசை. இன்னைக்கு 140 பிஎஸ்னு சொன்னா யாரும் திரும்பிக்கூட பாக்க மாட்டாங்க, குடும்ப எஸ்யூவிக்கே அதைவிட ஜாஸ்தி இருக்கு. ஆனா அந்த மொத்த டார்க்கும் எஞ்சின் நிமிஷத்துக்கு 2500 சுத்து சுத்தறப்போவே, அதாவது 2500 ஆர்பிஎம்லயே, வந்து நின்னுடுது, வண்டி எடையோ மேனுவல்ல 970 கிலோ. தொள்ளாயிரத்து எழுபது. மூணாவது கியர்ல சும்மா போயிட்டிருக்கும்போது வலது கால் கட்டை விரலை லேசா அழுத்தினா போதும், யாரோ பின்னாடி இருந்து தள்ளிவிட்ட மாதிரி கிளம்புது, கியரைக் குறைக்கணும்னு அவசியமே இல்ல. டர்போ லேக் இல்லைன்னு சொல்ல மாட்டேன், 2000க்குக் கீழ மிதிச்சா ஒரு நிமிஷம் யோசிச்சுட்டுத்தான் வரும், ஆனா எடை இல்லாததால அந்த யோசனை பெரிசா தெரியல.

குறையும் அங்கயேதான் இருக்கு. மேல போகப் போக எஞ்சினுக்கு மூச்சு வாங்குது. உச்ச பவர் 5500லயே வந்துடுது, அதுக்கு மேல இழுத்தா சத்தம்தான் ஏறுது, வேகம் ஏறல. இதுக்கு முன்னாடி இருந்த இசட்சி32எஸ்ல டர்போ இல்லாத 1.6 லிட்டர், 136 பிஎஸ், அதுவும் 6900 ஆர்பிஎம்ல. அது வேற ஜாதி, மேல மேல பாடிக்கிட்டே போகும், 160 நியூட்டன் மீட்டர்தான் இருந்ததால நீ சும்மா உக்காந்தா அதுவும் சும்மா உக்காந்துடும், வேகம் வேணும்னா கியர் மாத்தி உழைச்சு வாங்கணும். பழைய ஆளுங்க இன்னும் அதைத்தான் நிஜமான ஸ்விஃப்ட் ஸ்போர்ட்னு சண்டை போடுவாங்க. தினமும் ஓட்ட எதுன்னு கேட்டா கண்ணை மூடிக்கிட்டு டர்போதான்னு சொல்வேன். ஆனா ஞாயித்துக்கிழமை விடியகாலைல, காலி ரோட்டுல? சரி விடுங்க, எனக்கும் மனசு அங்கதான் போகுது.

இப்போ எடை விஷயத்துக்கு வர்றேன், ஏன்னா நான் எழுத உக்காந்ததே இதுக்குத்தான். 32க்கும் 33க்கும் நடுவுல சுஸுகி 70 கிலோ குறைச்சாங்க. எல்லா கம்பெனியும் ஒவ்வொரு தலைமுறைக்கும் காரை ஊட்டி ஊட்டி வளக்கற காலத்துல, வண்டியை அகலமாக்கி, டர்போவும் வச்சு, எடையைக் குறைச்சது ஒண்ணும் சாதாரண விஷயம் இல்ல.

ஒரு சின்ன கணக்கு. ஹாட் ஹேட்ச்னு, அதாவது வேகத்துக்குன்னு முறுக்கேத்தின சின்ன கார்னு, சொன்னதும் எல்லாரும் முதல்ல கும்பிடற சாமி முதல் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ. 1975ல பிராங்பர்ட் மோட்டார் ஷோவில காட்டி 1976ல விக்க ஆரம்பிச்சாங்க, 5000 வண்டி வித்தா பெரிய விஷயம்னு நெனச்சு இறக்கினது, கடைசில முதல் தலைமுறை மட்டுமே நாலரை லட்சத்தைத் தாண்டிடுச்சு. அதுல 110 பிஎஸ், எடை சுமார் 810 கிலோ, அதாவது டன்னுக்கு 136 பிஎஸ். நம்ம இசட்சி33எஸ் டன்னுக்கு 144. இப்போ 2024ல வந்த அல்பீன் ஏ290ஐ எடுத்துக்கோங்க, எலக்ட்ரிக் ஹாட் ஹேட்ச், அழகான வண்டி, பெரிய மோட்டார் போட்டா 220 பிஎஸ், ஆனா எடை 1479 கிலோ. வகுத்துப் பாத்தா டன்னுக்கு 149. பாத்தீங்களா? 80 பிஎஸ் ஜாஸ்தி வச்சு, பாட்டரி போட்டு, சுத்திச் சுத்தி கிட்டத்தட்ட அதே இடத்துல வந்து நிக்குது.

நேர் ரோட்டுல அது வேற மாதிரி பறக்கும், மோட்டார் நின்ன இடத்துலேருந்தே முழு டார்க் தரும், அதுல சந்தேகமே இல்ல. ஆனா ஹாட் ஹேட்ச் வாங்கறவன் நேர் ரோட்டுக்காக வாங்கறதில்ல. 509 கிலோ வித்தியாசம்ங்க. அதாவது ஏழு ஆளுங்களை ஏத்திக்கிட்டு வளைவுல திரும்பற மாதிரி. 100 கிமீ வேகத்துலேருந்து பிரேக் பிடிச்சா அந்த டிஸ்க் முழுங்க வேண்டிய சக்தி ஒன்றரை மடங்கு, டயருக்கும் அதே கதி. இதையெல்லாம் பெரிய டயர், பெரிய பிரேக், கெட்டி ஸ்பிரிங் போட்டு சமாளிச்சுடலாம், சமாளிக்கறாங்க, ஆனா அதெல்லாம் போட்டா அதுவும் எடை, அதுவும் காசு. வாங்கற நாள்ல மட்டும் இல்ல, டயர் மாத்தற ஒவ்வொரு தடவையும். ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டுக்கு 195 அகல டயர், 17 இஞ்ச், அவ்ளோதான்.

ரெண்டு நாள் ஓட்டினதுல எனக்குப் பிடிச்சது என்னன்னா வேகமா போகாமலே வேகமா போற மாதிரி இருந்தது. 60ல வளைவுக்குள்ள போனா ஏதோ நடக்கற மாதிரி இருக்கு, கையில ஸ்டியரிங் பேசுது, ரொம்ப இல்ல, கொஞ்சம் எலக்ட்ரிக் ஸ்டியரிங்குக்கே உரிய மந்தம் இருக்கு, ஆனா ஆக்ஸிலரேட்டரை வளைவு நடுவுல லேசா விட்டா மூக்கு உள்ள திரும்பறது தெளிவா தெரியுது. முன்னாடி 300 பிஎஸ் வண்டி ஒண்ணு ஓட்டியிருக்கேன், பேர் வேணாம், அதுல 60ல எதுவுமே நடக்காது, ஏதாவது நடக்கணும்னா 140ல போகணும், அந்த வேகத்துல நடந்தா லைசென்ஸ் போகும் இல்ல உயிர் போகும். சஸ்பென்ஷன்ல மன்ரோ கம்பெனி டேம்பர், அதாவது குலுக்கலை அடக்கற ஷாக் அப்சார்பர், கெட்டிதான், குண்டு குழில இடுப்பு சொல்லும், ஆனா குதிக்காம அடக்கமா உக்காருது.

சரி, குறைக்கு வருவோம். எல்எஸ்டி இல்ல. லிமிட்டட் ஸ்லிப் டிஃபரென்ஷியல், எஞ்சின் சக்தியை ரெண்டு சக்கரத்துக்கும் பிரிச்சுக் கொடுக்கற டிஃபரென்ஷியல்ல கெட்டிக்கார வகை. முன்சக்கர டிரைவ் வண்டில இது என்ன செய்யும்னா, வளைவுல உள்பக்க சக்கரம் எடை கொறைஞ்சு லேசாயிடும், சாதா டிஃபரென்ஷியல்ல எஞ்சின் கொடுக்கறது எல்லாம் அந்த லேசான சக்கரம் வழியா சும்மா சுத்தி வீணாப்போகும், வண்டி வெளியே வெளியே ஓடும். எல்எஸ்டி இருந்தா வெளிப்பக்க சக்கரத்துக்கும் பங்கு போகும், மிதிக்க மிதிக்க உள்ள இழுக்கும். ஸ்விஃப்ட்ல இறுக்கமான வளைவு முடிஞ்சு ரெண்டாவது கியர்ல அவசரப்பட்டு மிதிச்சா உள்பக்க டயர் கீச்சுனு கத்துது. பிரேக்கை வச்சு சக்கரத்தைப் பிடிச்சு எல்எஸ்டி மாதிரி நடிக்க வைக்கற எலக்ட்ரானிக்ஸ் எல்லாம் உண்டு, நடிப்பு நடிப்புதான்.

ஹூண்டாய் ஐ20 என் இதை ஒழுங்கா செஞ்சது. 204 பிஎஸ், மெக்கானிக்கல் எல்எஸ்டி, ஆறு கியர் மேனுவல், 1190 கிலோ. ஃபோர்டு ஃபியஸ்டா எஸ்டியும் அப்படித்தான், மூணு சிலிண்டர்ல 200 பிஎஸ், க்வைஃப் கம்பெனியோட எல்எஸ்டி ஆப்ஷன்ல கிடைச்சது, பின்னாடி வெறும் டார்ஷன் பீம்தான், ரெண்டு பின்சக்கரத்தையும் ஒரே உத்தரத்துல சேத்துக் கட்டற மலிவான சஸ்பென்ஷன், ஆனா அதுக்கு வாழைப்பழம் மாதிரி வளைஞ்ச ஸ்பிரிங் போட்டு பக்கவாட்டு விசையை அந்த ஸ்பிரிங்கே தாங்கற மாதிரி பண்ணாங்க, காசு செலவழிக்காம மூளையைச் செலவழிச்ச வேலை, அதனால "ஐயோ டார்ஷன் பீமா"ன்னு யாராவது மூக்கைச் சுளிச்சா நான் இதைத்தான் சொல்வேன். ஆனா ஃபியஸ்டா 2023 ஜூலையோட நின்னுடுச்சு, ஐ20 என் 2024ல ஐரோப்பாவை விட்டுப் போயிடுச்சு. புகை எவ்ளோ விடலாம்னு போடற விதிக் கணக்குல சின்ன பெட்ரோல் ஹாட் ஹேட்ச்தான் முதல் பலி. நல்லா இருக்கறதெல்லாம் இப்படித்தான் ஒண்ணொண்ணா போகுது.

அதனாலதான் அடுத்த ஸ்விஃப்ட் ஸ்போர்ட் மேல இவ்ளோ ஆசை, கூடவே பயமும். பயத்துக்கு காரணம் இருக்கு. ஐரோப்பாவுக்காக 2020ல இதே வண்டிக்கு 48 வோல்ட் மைல்டு ஹைபிரிட், அதாவது எஞ்சினுக்குக் கைகொடுக்கற சின்ன மோட்டாரும் பாட்டரியும், போட்டாங்க, பவர் 129 பிஎஸ்ஸுக்கு இறங்கிச்சு, எடை ஆயிரம் கிலோவைத் தாண்டிடுச்சு, 0-100 நேரம் 8.1 செகண்ட்லேருந்து 9.1 ஆயிடுச்சு. மைலேஜுக்கு நல்லதுதான், 37 லிட்டர் டேங்க் வச்சுக்கிட்டு அடிக்கடி பங்க்ல நிக்கறவனுக்கு அதோட அருமை புரியும், ஆனா அதுக்காக ஸ்போர்ட்னு பேர் வச்ச வண்டி ஒரு செகண்ட் மெதுவாகணுமா?

என்கிட்ட கேட்டா பவரை ஏத்தவே வேணாம். 150 கொடு, ஏன் 140லயே விடு, பரவாயில்ல. அந்த காசுல எல்எஸ்டி போடு. மேனுவல் கியரை எடுத்துடாதே. வண்டி சறுக்காம பிடிக்கற ஈஎஸ்பிக்கு ஆஃப்னு பட்டன் இருந்தா நிஜமாவே ஆஃப் ஆகட்டும். ஸ்க்ரீன் எவ்ளோ பெரிசுன்னு எனக்குக் கவலை இல்ல, ஏசிக்கு திருகுற நாப் இருந்தா போதும். ஹைபிரிட் கட்டாயம்னா சரி போட்டுக்கோ, வேற எங்கயாவது அந்த கிலோவைக் குறைச்சுக் காட்டு.

முடியாதுன்னு மட்டும் சுஸுகி சொல்லக்கூடாது. 2015ல ஆல்டோ ஒர்க்ஸ்னு ஒண்ணு விட்டாங்களே, 658 சிசி டர்போ, 64 பிஎஸ், அஞ்சு கியர் மேனுவல், எடை 670 கிலோ. அறுநூத்தி எழுபது! லேசா கட்டற வித்தை இவங்க வீட்டுலயே இருக்கு, யார்கிட்டயும் போய் கத்துக்க வேண்டாம். 2025 ஜூன்ல பெஷோ இ-208 ஜிடிஐ காட்டினாங்க, 280 பிஎஸ், எல்எஸ்டியும் உண்டு, எடை 1596 கிலோ. 1984ல வந்த 205 ஜிடிஐ பேரை வச்சுக்கிட்டு இந்த எடையா! ஓட்டிப் பாத்தா ஒருவேளை நானும் வாயை மூடிக்குவேன், யார் கண்டா. ஆனா அந்தப் பந்தயத்துல சுஸுகி ஓடணும்னு அவசியமே இல்ல, ஓடினா தோக்கும்.

மத்த விஷயம் சீக்கிரம் சொல்லிடறேன். அஞ்சு கதவு, பின்சீட்ல பெரியவங்க ரெண்டு பேர் தாராளமா உக்காரலாம், மூணாவது ஆள் வந்தா திட்டு வாங்கணும். டிக்கி 265 லிட்டர், ரெண்டு பை வச்சா நெறஞ்சுடும். முன் சீட் ரெண்டும் இடுப்பை நல்லா பிடிக்குது. உள்ள பிளாஸ்டிக் கெட்டி கெட்டியா இருக்கு, தட்டினா டொக்குனு சத்தம், எனக்கு அதுல வருத்தமே இல்ல, மெத்து மெத்துனு பண்றேன்னு பத்து கிலோ ஏத்தறதுக்கு இது எவ்வளவோ மேல்.

ஸ்பெக் ஷீட் வர்ற அன்னைக்கு எல்லாரும் பவரைத்தான் முதல்ல தேடுவாங்க, நான் நேரா கீழ போய் எடை போட்டிருக்கற வரியைத்தான் பாப்பேன்.

சாவியைத் திருப்பிக் கொடுக்கும்போது ஃப்ரெண்டுகிட்ட கேட்டேன், மச்சான் புதுசு வந்தா இதை எனக்குக் கொடுத்துடுறியான்னு. யோசிச்சுப் பாத்துட்டு சொன்னான், "புதுசு குண்டா வந்துச்சுன்னா நான் இதை விக்கவே மாட்டேன்டா. லேசா வந்துச்சுன்னா நீயே இதைக் கேக்க மாட்டே." சொல்லிட்டு கியரைப் போட்டுக் கிளம்பிட்டான், தெருமுனை வளைவுல அந்த உள்பக்க டயர் கீச்சுனு கத்தினது எனக்கு வீட்டு வாசல் வரைக்கும் கேட்டுச்சு.