வளர்ப்புப் பராமரிப்பா, தத்தெடுப்பா?

டர்பன், சாட்ஸ்வொர்த் பக்கம் தாய் தகப்பன் இல்லாத பிள்ளையை ஆயாவோ (பாட்டி) சித்தியோ எடுத்து வளர்ப்பது புதிதல்ல. எந்த முறையில் என்பதில்தான் குழப்பம். தென்னாப்பிரிக்காவின் 2005-ஆம் ஆண்டு குழந்தைகள் சட்டத்தில் இரண்டுக்கும் இடமுண்டு.

வளர்ப்புப் பராமரிப்பு என்றால் சிறுவர் நீதிமன்ற உத்தரவு, அரசின் மாத உதவித்தொகை. பென்ஷனில் குடும்பம் நடத்தும் ஆயாவுக்கு அந்தப் பணம் பெரிய பலம். ஆனால் உத்தரவு பொதுவாக 2 ஆண்டுக்குத்தான். அப்புறம் சமூகப் பணியாளர் அறிக்கை, மறுபடி நீட்டிப்பு என்று அலைய வேண்டும்.

தத்தெடுத்தால் அந்தத் தொகை கிடையாது. ஆனால் உறவு நிரந்தரம், வாரிசுரிமையும் உண்டு. 10 வயதானால் பிள்ளையின் சம்மதமும் கட்டாயம். எனக்கு மிகவும் பிடித்த விதி இது. பள்ளிப் படிவத்தில் ‘பெற்றோர்’ என்ற இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு தயங்கும் பதின்மூன்று வயதுப் பெண்ணை நினைத்துப் பாருங்கள். ‘நான் யார் பிள்ளை’ என்று மனம் அலையும் வயது அது. புதுப்பிக்க வேண்டிய தாள் அவளுக்கு நிம்மதி தராது.

கையில் வருமானம் உள்ள சித்தி, மாமா தத்தெடுப்பதே நல்லது என்பேன். தாய் உயிரோடு இருந்து, பிள்ளை அவளிடம் திரும்பும் வாய்ப்பிருந்தால் பராமரிப்பே சரி. உதவித்தொகையை நம்பியிருக்கும் ஆயா, 18 வயது வரை செல்லும் உத்தரவை நீதிமன்றத்தில் கேட்கலாம். உறவினருக்கு அப்படித் தரச் சட்டம் இடம் கொடுக்கிறது.