சிங்கப்பூர் ‘தெருவோர உணவு உலா’வுக்கு மதுரையில் பணம் கட்டவிருப்போர் கவனத்திற்கு

மதுரையிலிருந்து சிங்கப்பூருக்கு நேரடி விமானம் கிடைப்பதால், நம் ஊர்ச் சுற்றுலா முகவர்கள் பலர் குடும்பப் பயணத் தொகுப்புகளை விற்று வருகின்றனர். அவற்றோடு ‘தெருவோர உணவு உலா’ என்ற பெயரில் தனிக் கட்டணச் சேவை ஒன்றையும் சிலர் சேர்த்து விற்கிறார்கள். 2025 பிப்ரவரியில் நான், என் மனைவி, தம்பி, அம்மா ஆகிய நால்வருக்கும் அதை வாங்கியிருந்தேன். ஆளுக்கு 4,200 ரூபாய் வீதம் 16,800 ரூபாயைக் கிளம்புவதற்கு முன்பே வசூலித்துவிட்டார்கள். ஆறு வகை உள்ளூர் உணவுகள், உடன் வரும் வழிகாட்டி, வேன் வசதி என்று வாட்ஸ்அப்பில் அனுப்பிய பட்டியலில் தெளிவாகவே எழுதியிருந்தது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நம் கீழவாசலிலோ சிம்மக்கல்லிலோ இருப்பதுபோன்ற சாலையோர வண்டிக் கடைகளைச் சிங்கப்பூரில் பார்ப்பது அரிது. அங்கிருந்த தெருக் கடைகளை அரசு பல ஆண்டுகளுக்கு முன்பே குழாய்த் தண்ணீரும் கழிவுநீர் வசதியும் உள்ள, பல கடைகள் ஒரே கூரையின்கீழ் இயங்கும் உணவங்காடி நிலையங்களுக்கு மாற்றிவிட்டது. 2020-இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றதும் இந்த உணவங்காடிப் பண்பாடுதான். பெரும்பாலான கடைகளின் மேல் படத்துடன் விலைப் பலகை இருக்கும். காட்டிக் கேட்டாலே தருவார்கள். ஆகவே, அங்கே சாப்பிட வழிகாட்டி வேண்டும் என்று ஒருவர் சொன்னால், விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா வாங்கித் தரக் கட்டணம் கேட்பவரைப் பார்ப்பதுபோல் பார்ப்பதே சரி.

எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். வழிகாட்டி எங்களை ஓர் உணவங்காடி நிலையத்தில் உட்காரவைத்து, இரண்டு தட்டு கோழிச்சோறு, பத்துக் குச்சி சாத்தே (குச்சியில் குத்திச் சுட்ட இறைச்சி), ஒரு கிண்ணம் லக்சா (தேங்காய்ப்பால் குழம்பில் நூடுல்ஸ்), நான்கு தம்ளர் கரும்புச் சாறு ஆகியவற்றை வாங்கிவந்து நால்வருக்கும் பங்கிட்டார். பலகையில் இருந்த விலைப்படி இவை அனைத்தும் 33 சிங்கப்பூர் டாலர். டாலருக்கு ஏறக்குறைய 65 ரூபாய் என்ற அன்றைய மதிப்பில் இது 2,145 ரூபாய். ஆறு வகை என்றது நான்கோடு நின்றது. அம்மா சைவம் என்பதை முன்பதிவின்போதே எழுதிக் கொடுத்திருந்தும், அவருக்கென்று எதுவும் ஏற்பாடு செய்யவில்லை. லக்சாவில் உலர்ந்த இறால் சேரும் என்பதால் அதையும் அவர் தொடவில்லை. 4,200 ரூபாய்க்கு அவருக்குக் கிடைத்தது ஒரு தம்ளர் கரும்புச் சாறு.

மீதி இரண்டு வகையும் அடுத்த இடத்தில் என்று சொல்லி, வேனில் ஏற்றி ஆற்றோரத்து உணவகம் ஒன்றுக்கு அழைத்துச் சென்றார். அது உணவங்காடி அல்ல, குளிரூட்டிய கடலுணவு உணவகம். நாங்கள் உட்கார்ந்த சிறிது நேரத்தில் பணியாளர் ஒருவர், கால்களைக் கயிற்றால் கட்டிய உயிர் நண்டு ஒன்றைப் பிளாஸ்டிக் கூடையில் கொண்டுவந்து காட்டினார். ‘ரொம்ப நல்ல நண்டு’ என்று வழிகாட்டி தலையசைக்க, கூடை உள்ளே போய்விட்டது. உணவுப் பட்டியலில் நண்டுக்கு எதிரே விலை இல்லை. ‘பருவ விலை’ என்று மட்டும் அச்சிட்டிருந்தது. இறாலுக்குப் போட்டிருந்த 9 டாலர் ஒரு தட்டின் விலையன்று, 100 கிராமின் விலை என்பது ரசீது வந்தபிறகே புரிந்தது. 1.4 கிலோ நண்டு கிலோ 98 டாலர் வீதம் 137.20, 400 கிராம் இறால் 36, நாங்கள் கேட்காமலே மேசையில் வைத்த ஈரத் துடைதாள்களுக்கு 2, இவற்றின்மேல் 10 விழுக்காடு சேவைக் கட்டணம், அதற்கும் மேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரி எனக் கூட்டி 210.06 டாலர் வந்தது. இது தொகுப்பில் சேராது, நீங்கள்தான் கட்ட வேண்டும் என்று வழிகாட்டி அப்போதுதான் வாய் திறந்தார்.

அட்டையை நீட்டியதும் இன்னொரு வேலையும் நடந்தது. இயந்திரத்தில் டாலர், ரூபாய் என இரண்டு தெரிவுகள் வர, பணியாளர் எங்களைக் கேளாமலே ரூபாயை அழுத்திவிட்டார். வசதிபோலத் தோன்றினாலும், அப்போது மாற்று விகிதத்தை நிர்ணயிப்பது நம் வங்கியன்று, கடைக்காரர் தரப்பு. டாலருக்கு 69 ரூபாய் வீதம் பிடித்ததில் ஏறக்குறைய 840 ரூபாய் கூடுதலாகப் போயிற்று. வெளிநாட்டில் எங்கே அட்டையை நீட்டினாலும் அந்த நாட்டு நாணயத்திலேயே கட்டுவதாகச் சொல்லிவிடுங்கள்.

மறுநாள் நாங்களாகவே லிட்டில் இந்தியாவில் உள்ள தேக்கா உணவங்காடிக்குப் போனோம். புரோட்டா, பிரியாணி, தே தாரிக் என்னும் ஆற்றிய பால் தேநீர், அம்மாவுக்குத் தோசை என நால்வரும் வயிறாரச் சாப்பிட்டும் 25 டாலரைத் தாண்டவில்லை. முந்தின நாள் கதையைக் கேட்ட தமிழ்க் கடைக்காரர், ‘பலகையில விலை போட்டிருந்தா பயமில்லண்ணே, எடை போட்டு விக்கிறதுக்கு மட்டும், சமைக்கிறதுக்கு முன்னாடியே மொத்தம் எவ்வளவுன்னு கேட்டு எழுதி வாங்கிக்கங்க’ என்றார். வழிகாட்டி சொல்லியிருக்க வேண்டியதை இவர் காசு வாங்காமல் சொன்னார். வழிகாட்டிக்கு அந்த உணவகத்தில் பங்கு உண்டா என்பதற்கு என்னிடம் சான்று இல்லை. ஆனால், விலை கேட்கும் முன்பே நண்டுக்குத் தலையசைத்தவர் அவர்தான்.

ஊர் திரும்பி முகவரிடம் கேட்டபோது, ‘அது அங்குள்ள ஆள் செய்தது சார், எங்களுக்குச் சம்பந்தமில்லை’ என்று முடித்துக்கொண்டார். பணத்தை மதுரையில் தம் பெயரில் வாங்கியவர் இப்படிக் கைகழுவுவதை ஏற்க முடியாது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, சேவைக் குறைபாட்டுக்கு நாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் புகார்க் கட்டணமும் கிடையாது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்தபிறகும் முகவர் அசையாததால், வாட்ஸ்அப் பட்டியல், பணம் கட்டிய ரசீது, உணவகத்து ரசீது, அம்மாவின் சைவ உணவுக் குறிப்பு ஆகியவற்றை இணைத்து வழக்கறிஞர் மூலம் அறிவிப்பு அனுப்பியிருக்கிறேன். பதில் வராவிட்டால் மதுரை மாவட்ட ஆணையத்தில் மனுக் கொடுப்பதாக உள்ளேன். இதே ‘உலா’வுக்கு முன்பணம் கட்டியிருப்பவர்கள், எந்தெந்தக் கடை, என்னென்ன உணவு, எது கட்டணத்தில் சேராது என்பதைப் பயணத்திற்கு முன்பே எழுத்தில் கேளுங்கள், தர மறுத்தால் பணத்தைத் திரும்பக் கேட்டுவிடுங்கள்.