அப்பாவின் பாதத்துக்கு எந்த டெஸ்ட்: நைலான் நூலா, கரண்டா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் முப்பது வருஷம் பால்மரம் வெட்டியவர் அப்பா. இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) வந்து பாதம் மதமதத்துப் போனதிலிருந்து இரண்டு டெஸ்ட்டுக்கும் அவரை மாற்றி மாற்றிக் கூட்டிக்கொண்டு அலைகிறேன். போன வருஷத்தைவிட மோசமா, அப்படியேதான் இருக்கிறதா? எனக்குத் தெரியவேண்டியது இவ்வளவுதான்.

நைலான் நூல் டெஸ்ட் டவுன் கிளினிக்கிலேயே முடிந்துவிடும். கண்ணை மூடச்சொல்லி, நூல் வளையும்வரை பாதத்தில் அழுத்துவார்கள், அது 10 கிராம் அழுத்தம். உணர்ச்சி போய் புண் வரக்கூடிய பாதத்தை இது முன்கூட்டியே எளிதாகக் காட்டிக்கொடுக்கும். ஆனால் வருஷா வருஷம் ஒப்பிட இது போதாது. பதில் அப்பாவின் வாயிலிருந்து வரவேண்டும், அவரோ டாக்டர் மனம் நோகக்கூடாதென்று தெரியாததற்கும் "தெரியுது டாக்டர்" என்பார். தொடர்ந்து பலருக்குக் குத்திய நூலும் துவண்டுபோய் அழுத்தம் குறைந்துவிடும்.

கரண்டு வைக்கிற நரம்பு டெஸ்ட்டுக்கு ஈப்போ போகவேண்டும். இதில் நரம்பின் வேகம் நம்பராக வரும், அதனால் கண்ணை மூடிக்கொண்டு நம்பினேன். முதல் வருஷம் வினாடிக்கு 41 மீட்டர், அடுத்த வருஷம் 35. வீடே கலங்கிப்போனது. அன்றைக்கு மழையில் மோட்டாரில் போய், ஏர்கோன் அறையில் ஒரு மணிநேரம் உட்கார்ந்திருந்தோம், அவர் பாதத்தை யாரும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. பிறகு வேறோர் இடத்தில் டெஸ்ட் எடுத்த பெண் முதலில் தோலின் சூட்டை அளந்தார்: 28 டிகிரி. வெந்நீரில் பிழிந்த டவலைக் காலில் சுற்றி, 32 வரும்வரை காத்திருந்து, அப்புறம்தான் கரண்டு வைத்தார். வேகம் 40! தோல் ஒரு டிகிரி குளிர்ந்தாலே வேகம் வினாடிக்கு ஏறக்குறைய 2 மீட்டர் குறையுமாம், அவர் சொல்லித்தான் தெரியும்.

ரிப்போர்ட்டில் எல்லா நம்பரும் ஒன்றல்ல. கரண்டு வைத்ததும் பதிவாகும் அலையின் உயரம், தோலில் ஒட்டுகிற எலெக்ட்ரோடு கொஞ்சம் நகர்ந்தாலே மாறிவிடும், வேகம் அதைவிட நிலையானது. எஃப் அலை என்று ஒன்று உண்டு, முதுகுத்தண்டுவரை போய்த் திரும்பும் சிக்னல். தூரம் அதிகம் என்பதால் அளவில் வரும் சின்னப் பிசகு அதை அவ்வளவாகப் பாதிக்காது. வருஷக்கணக்கில் ஒப்பிட நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

ஆனாலும் ராத்திரியில் அப்பாவுக்கு எரிகிற எரிச்சலை இந்த டெஸ்ட் காட்டாது. அது மெல்லிய நரம்புகளின் வேலை, கரண்டு டெஸ்ட் அளப்பது தடித்த நரம்புகளை மட்டும். அதனால் நூல் டெஸ்ட்டை விடவில்லை, புண் வராமல் காக்க அது வேண்டும். கரண்டு டெஸ்ட்டை மட்டும் இனி அதே இடத்தில், தோலின் சூட்டை ரிப்போர்ட்டில் எழுதச் சொல்லித்தான் எடுக்கிறேன்.