ரோட்ஜர்ஸா, லவ்வா: ஒரு பேக்கர்ஸ் ரசிகனின் கணக்கு

2005, 2020. அமெரிக்கக் கால்பந்து அணியான க்ரீன் பே பேக்கர்ஸின் ரசிகர்கள், எது நல்ல தேர்வு என்று இன்றும் சண்டை போடும் இரண்டு டிராஃப்ட்டுகள் (அணிகள் முறைவைத்துப் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு). இரண்டிலும் முதல் சுற்றிலேயே ஒரு குவாட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் வீரர். இரண்டு முறையும் அந்த இடத்தில் ஏற்கெனவே ஒரு ஜாம்பவான் இருந்தார்.

2005-இல் ஆரன் ரோட்ஜர்ஸ் 24-ஆவது இடம் வரை சரிந்து, தானாகவே மடியில் வந்து விழுந்தார். அப்போதைய குவாட்டர்பேக் பிரெட் ஃபாவ்ருக்கு 35 வயது. வாரிசு வேண்டுமே என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம்.

2020 கதையே வேறு; இம்முறை அந்த ஜாம்பவான் ரோட்ஜர்ஸ்தான். முந்தைய சீசனில் 13 வெற்றி, 3 தோல்வி. சூப்பர் பௌல் எனும் இறுதிப்போட்டிக்கு ஒரே ஆட்டம் பாக்கி இருக்கையில் ஃபார்ட்டி நைனர்ஸிடம் தோல்வி. நாங்கள் கேட்டது ஒரு நல்ல ரிசீவர், எறியும் பந்தைப் பிடிப்பவர். நிர்வாகமோ நான்காம் சுற்றுத் தேர்வு உரிமை ஒன்றையும் மயாமி அணிக்குக் கொடுத்து, தேர்வு வரிசையில் 30-லிருந்து 26-க்கு ஏறி ஜோர்டன் லவ்வை எடுத்தது. அந்த டிராஃப்ட் முடியும்வரை ஒரு ரிசீவர்கூட எடுக்கவில்லை! பசித்தவன் சோறு கேட்டால் விதைநெல்லைக் காட்டுவார்களா? அடுத்த இரண்டு சீசனும் ரோட்ஜர்ஸே எம்விபி (சீசனின் மிகச் சிறந்த வீரர்), லவ் பெஞ்சில்.

2005 தேர்வு 2011 பிப்ரவரியில் கோப்பையாகத் திரும்பி வந்தது. என் ஓட்டு அதற்குத்தான். லவ் 2023 சீசனின் பிளேஆஃபில் (நாக்-அவுட் சுற்றில்) டல்லாஸை 48-32 என்று சாய்த்த அன்று கோபம் பாதி தணிந்தது, உண்மைதான். ரிசீவர் விஷயத்தை மட்டும் மன்னிப்பதாக இல்லை.