பொருளாதாரக் குறியீடுகள் ஒருநாள் வகுப்பு: மதியச் சாப்பாட்டோடு எழுந்து வந்துவிடலாம்

"பணவீக்கம் குறைந்துவிட்டதாமே, மாவு விலையை மட்டும் ஏன் குறைக்கவில்லை?" தினமும் ஒருவராவது இப்படிக் கேட்டுவிடுகிறார். மதுரையில் இட்லி மாவுக்கடை நடத்துகிறேன். அசட்டுச் சிரிப்போடு சமாளித்து அலுத்துப்போய்த்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் சேர்ந்தேன். கட்டணம் 750 ரூபாய், சாப்பாடு உட்பட.

காலை வகுப்பு அருமை. ஓய்வுபெற்ற கல்லூரி ஆசிரியர் ஒருவர் எடுத்தார். என் தொழிலைக் கேட்டுக்கொண்டு உளுந்தை வைத்தே தொடங்கினார். கிலோ 100 ரூபாய் உளுந்து மறு ஆண்டு 120 ஆனால் பணவீக்கம் 20 சதவீதம். அதற்கடுத்த ஆண்டு 126 ஆனால் 5 சதவீதம். பணவீக்கம் இறங்கிவிட்டது, உளுந்து ஆறு ரூபாய் ஏறிவிட்டது! இத்தனை நாள் நான் தேடிய பதில் பலகையில் மூன்றே வரியில் இருந்தது.

அடுத்து, பணவீக்கத்தை அளக்க உதவும் நுகர்வோர் விலைக் குறியீடு. 2012ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட வரிசையில் உணவு, பானங்களுக்கு மட்டும் 100க்கு 45.86 பங்கு. என் வீட்டு நோட்டை அங்கேயே கூட்டிப் பார்த்தேன், 38தான் வந்தது. மகளின் கல்லூரிக் கட்டணம் மற்றதையெல்லாம் விழுங்கிவிடுகிறது. "கடைக்கு நான் வாங்கும் 19 கிலோ சிலிண்டர் இதில் எங்கே வரும்?" என்று கேட்டேன். "வராது அம்மா, இது குடும்பங்களின் செலவுக் கூடை" என்றார். என் தலைவலியில் பாதி அந்தக் கூடைக்கு வெளியே கிடக்கிறது என்று புரிந்தது.

என்னை உலுக்கியது வேலையின்மைக் கணக்குதான். வாராந்திர நிலை என்ற கணக்கெடுப்பு முறைப்படி, கடந்த 7 நாட்களில் ஏதாவது ஒரு நாள் ஒரு மணி நேரம் வேலை பார்த்திருந்தாலே அவர் வேலையில் இருப்பவர். குடும்பத் தொழிலில் சம்பளமில்லாமல் உதவினாலும் அப்படித்தான். பொறியியல் முடித்து வேலை தேடும் என் மகன் சனிக்கிழமை மாலைகளில் கல்லாவில் உட்காருகிறான். வீட்டுக்கு வந்து அவனிடம் சொன்னேன். "அப்படியானால் என் சம்பளம் எங்கே அம்மா?" என்றான்.

மொத்த உள்நாட்டு உற்பத்தி மதிப்பு (ஜிடிபி) அரை மணி நேரத்தில் முடிந்தது. நான் விற்கும் மாவு அதில் சேரும், அந்த மாவில் வீட்டில் இட்லி அவிக்கும் உழைப்பு சேராது என்பது மட்டும் மனதில் நின்றது. மொத்த விற்பனை விலைக் குறியீட்டுக்குப் பத்து நிமிடம்கூட ஒதுக்கவில்லை. சரக்கு வாங்கி விற்கிறவர்களுக்கு அதுதானே முக்கியம்?

சாப்பாடு சுமார். சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டியிருந்தது. பிறகு வந்த இளைஞர் குறியீடுகளை விட்டுவிட்டுப் பங்குச்சந்தை ஆலோசனைத் திட்டம் ஒன்றை விற்கத் தொடங்கினார். வாசலில் கைபேசி எண் கேட்டு வாங்கியது இதற்குத்தான். இன்றுவரை மூன்று அழைப்புகள் வந்துவிட்டன. சேர்வதற்கு முன் இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம், மூன்றும் அந்த ஆசிரியருக்கு. உளுந்துக் கணக்கை எழுதிக் கல்லாவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறேன். வழக்கமாகக் கேட்கும் பெரியவர் நேற்று நின்று படித்தார். "கணக்கு சரிதான், ஐந்து ரூபாய் குறைத்துக்கொள்" என்றார்.